தாய்லாந்தில் காண்டோ வாங்கப் போறீங்களா? பில்டிங்கைவிட பணம் போகிற ரூட்டைப் பாருங்க!

ஓ.எம்.ஆர்-ல டபுள் பெட்ரூம் வாங்குற காசுக்கு புக்கட்டில் கடல் பார்த்த காண்டோ, மேலே நீச்சல் குளம், வாடகைக்கு விட்டா மாசாமாசம் வருமானம்... இந்த ரீல் உங்க போனுக்கும் வந்திருக்கும். 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம்னு தாய்லாந்து அறிவித்த பிறகு, அங்கே போய் வந்தவங்க உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்லயே இருப்பாங்க. டூர் போன ஊரில் ஒரு வீடு இருந்தா நல்லாயிருக்குமேன்னு தோணுறது இயல்புதான்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில், பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அரசு தணிக்கை அலுவலகக் கட்டடம் சரிந்து விழுந்த வீடியோவைப் பார்த்தவங்க, ‘பில்டிங் ஸ்ட்ராங்கா?’ன்னுதான் முதலில் கேட்கிறாங்க. கேட்கவேண்டியதுதான். ஆனா சுவரில் விழுந்த விரிசலை ஒரு இன்ஜினீயர் பார்த்துச் சொல்லிடுவார். பேப்பரில் இருக்கிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே வெளிநாட்டுக்காரர் பொதுவா நிலம் வாங்க முடியாது. காண்டோ யூனிட் வாங்கலாம். அதிலும் ஒரு லிமிட் இருக்கு. ஒரு காண்டோ கட்டடத்தில் உள்ள யூனிட்களின் மொத்தப் பரப்பில் 49% வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். சுற்றுலா ஊர்களில் நல்ல கட்டடங்களில் இந்தக் கோட்டா சீக்கிரமே தீர்ந்துடும். அப்போ ஏஜென்ட் ரெண்டு ‘ஐடியா’ கொடுப்பார். ஒண்ணு, தாய்லாந்துக்காரர் பெயரில் கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்குவது. இது பினாமி. அங்கே சட்டவிரோதம், பேச்சே வேண்டாம். இன்னொண்ணு, 30 + 30 + 30 வருஷக் குத்தகை. தாய்லாந்து சிவில் சட்டப்படி ஒரு குத்தகைக்கு உச்சவரம்பே 30 வருஷம்தான். மிச்ச 60 வருஷத்தை நம்பி சொந்த வீட்டு விலை கொடுக்காதீங்க.

‘கோட்டாவை 75 சதவிகிதமா ஏத்தப் போறாங்க சார், குத்தகையும் 99 வருஷம் ஆகப்போகுது’ன்னும் சொல்வாங்க. 2024-ல் அங்கத்திய அரசு அப்படி ஒரு யோசனையை ஆராயச் சொன்னது உண்மை. ‘நாட்டையே விற்கிறீங்களா?’ன்னு உள்ளூரில் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. வரப்போற சட்டத்தை நம்பி இன்னைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறது எந்த ஊரிலும் புத்திசாலித்தனம் இல்லை.

சரி, கோட்டாவில் இடம் இருக்கு. அதை ஏஜென்ட் வாய்மொழியா சொன்னா போதாது. கட்டட நிர்வாக அமைப்பிடம் கடிதமா வாங்கணும். அடுத்து பணம். பலர் சறுக்குற இடம் இதுதான். காண்டோ வாங்கும் பணம் வெளிநாட்டிலிருந்து, வெளிநாட்டுக் கரன்சியாகவே தாய்லாந்து பேங்குக்குப் போய், அங்கேதான் பாட்டாக மாறணும். அதற்கு அந்த பேங்க் தருகிற சான்றிதழைக் காட்டினால்தான் நில அலுவலகத்தில் உங்க பெயரில் பதிவாகும். நாளைக்கு விற்றுப் பணத்தை வெளியே கொண்டுவரவும் அதே பேப்பர்தான் துணை. அனுப்புறவர் பெயரும் வாங்குறவர் பெயரும் ஒண்ணா இருக்கட்டும். என்ன காரணத்துக்காக அனுப்புறீங்கன்னும் தெளிவா எழுதுங்க.

‘இங்கே ரூபாயாக் கொடுங்க, அங்கே நம்ம ஆள் பாட்டாக் கொடுத்துடுவார்’னு ஒருத்தர் சொன்னா, அது ஹவாலா. அங்கே சான்றிதழ் கிடைக்காது, இங்கே ஃபெமா சட்டத்தில் தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம் வரலாம். நேர்வழி இருக்கு. இந்தியாவில் வசிக்கிற ஒருத்தர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், இப்படி வீடு வாங்க அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகிற பகுதிக்கு பேங்க் 20% டி.சி.எஸ் பிடிக்கும். 50 லட்சம் அனுப்பினா 8 லட்சம் தனியா எடுத்துவைக்கணும். வருமான வரியில் கழிச்சுக்கலாம், ரீஃபண்டும் கேட்கலாம். ஆனா அதுவரை அந்தக் காசு உங்க கையில் இல்லை. இதுக்காக நம்ம பேங்கில் லோனும் கிடைக்காது.

பேப்பர் விஷயத்துக்கு ஆஷ்டன் அசோக் கதையைத் தெரிஞ்சுக்கங்க. பாங்காக்கின் மையத்தில், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் 50 மாடி, 783 யூனிட். மக்கள் குடிவந்து வருஷக்கணக்கான பிறகு, 2023 ஜூலையில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதன் கட்டட அனுமதியையே ரத்து செய்தது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்குச் சட்டம் கேட்கிற அகலத்தில் சொந்தப் பாதை இல்லை. மெட்ரோவுக்காகக் கையகப்படுத்திய நிலத்தைப் பாதையாகக் காட்டியது செல்லாதுன்னு தீர்ப்பு. வாங்கினவங்கமேல ஒரு தப்பும் இல்லை. ஆனா அனுமதி ரத்தான கட்டடத்தில் இருக்கிற வீட்டை யாரிடம் விற்பது?

அதனால பில்டர் காட்டுகிற வக்கீல் வேண்டாம், உங்களுக்குன்னு ஒரு வக்கீல் வைங்க. பத்திரம் தாய் மொழியில்தான் இருக்கும். அதன் பின்பக்கத்தில் அடமானம் முதல் எல்லாம் பதிவாகியிருக்கும், நம்ம ஊர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி. கட்டி முடிக்காத யூனிட்னா இன்னும் ஜாக்கிரதை. இங்கே ரெரா சட்டப்படி வாங்குபவர்களின் பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்கணும். தாய்லாந்தில் எஸ்க்ரோ கணக்கு கட்டாயமில்லை, நீங்கதான் கேட்டு வாங்கணும்.

ரீல் சொல்கிற வாடகை வருமானமா? ஹோட்டல் லைசென்ஸ் இல்லாமல் நாள் கணக்கில், வாரக் கணக்கில் விடுவது அங்கே குற்றம். மாத வாடகைதான் பாதுகாப்பு.

வாங்கிட்டீங்கன்னா, வருமான வரி ரிட்டர்னில் ‘ஷெட்யூல் எஃப்.ஏ’ன்னு ஒரு பகுதி வரும். வாடகையே வரலைன்னாலும், வீடு பூட்டியே கிடந்தாலும், அதில் வருஷா வருஷம் அந்தக் காண்டோவைக் காட்டணும். விட்டுட்டா, 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடம் இருக்கு.