அணிலோடு மரத்தையும் படமெடுங்கள்

காட்டு விலங்குகளைப் புகைப்படம் எடுப்பவர் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? திறந்த ஜீப், பிளிறும் யானை, புதரிலிருந்து வெளிப்படும் புலி, அடுத்த மாதமே பத்திரிகையின் அட்டையில் வண்ணப்படம்! இவை முழுப் பொய்யல்ல. ஆனால் அவருடைய நாட்களில் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது. விடியுமுன் எழ வேண்டும். வனத்துறையின் அனுமதிச் சீட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். (சரணாலயத்துக்குள் சென்று படமெடுக்க அனுமதி தேவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.) காமிராவையும் முக்காலியையும் சுமந்து மேடேற வேண்டும். கொசு கடித்தாலும் கையை வீசக் கூடாது. இத்தனைக்கும் பிறகு, பல நாட்களில் ஒரு படம்கூட எடுக்காமலே வீடு திரும்ப வேண்டும்.

மனிதனுக்கு மட்டும்தான் இந்த நிலை என்று எண்ணிவிடாதீர்கள். 2018-ஆம் ஆண்டின் அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்புக்காகக் காடுகளில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டன. அவை எடுத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 இலட்சம். அவற்றுள் புலியின் படங்கள் 76,651. அதாவது ஏறத்தாழ 450 படங்களுக்கு ஒன்று! பசியும் தூக்கமும் அறியாத இயந்திரத்துக்கே இந்தக் கதி.

சரி, இவ்வளவு பொறுமைக்குப் பின் கிடைக்கும் அந்த ஒரு படம் எப்படி இருக்க வேண்டும்? இதில்தான் இன்றைய புகைப்படக்காரர்கள் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அதை விளக்க உங்களை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மேற்கே பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்பது தெரியும். இந்த மலைப்பகுதியில் 1988-இல் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021-இல் இது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. யானை, சிறுத்தை, வரையாடு, சிங்கவால் குரங்கு எல்லாம் இங்கு உண்டு. ஆயினும் 1988-இல் சரணாலயத்துக்குப் பெயர் கொடுத்தது இவற்றுள் எதுவும் அன்று, ஓர் அணில்! ஆண்டாள் கோவிலையும் பால்கோவாவையும் கொண்டு இந்த ஊரை அறிந்தவர்கள் இனி அணிலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாம்பல் நிற மலை அணில் என்றும், நரை அணில் என்றும் இதனைச் சொல்வார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் ஓடும், முதுகில் கோடு போட்ட அணிலை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இதன் உடல் மட்டுமே ஏறத்தாழ ஓரடி நீளம். வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். சாம்பல் மயிரோடு வெண்மயிர் கலந்திருப்பதால் தாத்தாவின் தலைபோல் நரைத்துத் தோன்றும். தென்னிந்தியாவில் சில காடுகளிலும் இலங்கையிலும் தவிர, உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை.

இந்த அணிலைப் படமெடுக்கச் செண்பகத்தோப்புப் பக்கம் செல்பவருக்கு முதலில் வலிப்பது கழுத்துதான். அணில் தரைக்கு வருவது மிக அரிது. காலையிலும் மாலையிலும் உச்சிக் கிளைகளில் உணவு தேடும். வெயில் ஏறியதும் ஏதேனும் ஒரு கிளையில் உடலை நீட்டிப் படுத்துவிடும். அண்ணாந்து காமிராவைத் திருப்பினால் பின்னணியில் வெளிறிய வானம். காமிராவில் உள்ள ஒளிமானி அந்த வானத்தின் வெளிச்சத்தையே பெரிதாக எடுத்துக்கொள்ளும். அணில் கறுப்பு நிழலாகப் பதிந்துவிடும். ஆகவே கூடுதல் ஒளி விழுமாறு காமிராவைத் திருத்தி வைத்துக்கொண்டு, இலை விலகும் தருணத்துக்காகக் காத்திருக்கிறார். ஒருநாள் இலையும் விலகுகிறது, அணிலும் திரும்பிப் பார்க்கிறது. டெலிபோட்டோ லென்ஸால் முகத்தை மட்டும் படம் நிறையப் பிடித்துவிடுகிறார்! மீசை மயிரைக்கூட எண்ணிவிடலாம்.

படம் அழகுதான். பரிசும் கிடைக்கலாம். ஆனால் அதைப் பார்த்து, அணில் இருந்தது புளியமரமா, மாமரமா என்று உங்களால் சொல்ல முடியுமா? பக்கத்தில் வேறு மரம் இருந்ததா? அது என்ன தின்றுகொண்டிருந்தது? காட்டில் எடுத்ததா, மிருகக்காட்சி சாலையில் எடுத்ததா என்று ஒருவர் கேட்டால்கூட, படத்துக்குள் விடை இல்லை.

மரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்று கேட்பீர்கள். நரை அணிலுக்கு மரக்கிளைகள்தாம் சாலை. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தாவித் தாவி நெடுந்தூரம் போய்விடும். இடையில் நான்கு மரங்களை வெட்டிவிட்டால் அதன் சாலை அறுந்துவிடுகிறது. பிறகு ஒன்று, இந்தப் பக்கமே அடைபட்டுக் கிடக்க வேண்டும். அல்லது தரையில் இறங்கி ஓட வேண்டும். தரையில் அதற்கு வேகம் இல்லை. கூட்டையும் அது சுள்ளிகளாலும் இலைகளாலும் மரத்தின் மேற்பகுதியிலேயே கட்டுகிறது. சுற்றியுள்ள மரங்களோடு கிளை கோத்து நிற்கும் மரங்களையே கூடு கட்டப் பெரிதும் தேர்ந்தெடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். ஆபத்து வந்தால் நான்கு திசையிலும் தப்பிக்க வழி இருக்கும் அல்லவா?

ஆகவே இந்த அணில் ஓரிடத்தில் நிலைத்திருக்குமா என்று அறிய விரும்புபவர், அணிலின் முகத்தைக் காட்டிலும் அந்த இடத்தின் கிளைகளைத்தான் பார்க்க வேண்டும். வால்பாறையில் சாலையால் பிளவுபட்ட காட்டில், சிங்கவால் குரங்குகள் கடந்து செல்வதற்காகச் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு பாலம் எங்கே தேவை என்பதை முகப் படம் சொல்லாது. படத்தில் அணில் கட்டைவிரல் அளவே இருக்கட்டும். சுற்றிலும் மரமும், மரத்துக்கு அப்பால் இடைவெளியும் தெரியட்டும். அது ஒரு சாட்சியம் ஆகிவிடும்.

நம் பக்கத்து மனிதர் ஒருவர் இவ்வகையில் நினைவுக்கு வருகிறார். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில்தான் விலங்குகளைப் படமெடுத்தார். அவருடைய காமிரா கடையில் வாங்கிய ஒன்றன்று; வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்தது! அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். ஆனால் நான் அவரை இங்கே குறிப்பிடுவது காமிராவுக்காக அன்று. படமெடுத்த கண்ணால் கவனிக்கவும், கவனித்ததை எழுதவும் செய்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய அவருடைய இயற்கைக் கட்டுரைகள், 1996-இல் அவர் காலமாகும்வரை 46 ஆண்டுகள் வெளிவந்தன. தமிழிலும் எழுதினார். 1968-இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்று, தென்னாட்டுக் காடுகளின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. குறிப்பேடு இல்லாமல் படம் மட்டும் எடுத்துத் திரிந்திருந்தால் அந்த ஆய்வு எங்கிருந்து வந்திருக்கும்?

‘அப்படியானால் கிட்டத்தில் எடுத்த படமே வேண்டாமா?’ என்று உங்களுள் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புலியின் விலாவில் உள்ள கோடுகள் ஒன்றினுடையதைப்போல் மற்றொன்றினுக்கு இருப்பதில்லை, நம் கைரேகையைப்போல. 1920-களில் வன அதிகாரி எப். டபிள்யூ. சாம்பியன், புலியின் கால் கம்பியில் பட்டதும் காமிரா இயங்குமாறு அமைத்துப் படங்கள் எடுத்தார். பின்னர் உல்லாஸ் கரந்த் நாகரஹொளெக் காட்டில் தானியங்கிக் காமிராப் படங்களின் கோடுகளை ஒப்பிட்டு, புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறையைக் கையாண்டார். அங்கே கோடு தெளிவாகத் தெரிய வேண்டியது அவசியம். பூச்சிகளை இனம் காணவும் கிட்டப்படம்தான் உதவும். நான் சொல்வது, எதைத் தெரிந்துகொள்ள எடுக்கிறோம் என்று எண்ணாமல், முகத்தை நோக்கியே ஓடும் பழக்கத்தைப் பற்றி.

அந்தப் பழக்கத்தால் வரும் கேடு படத்தோடு நிற்பதில்லை. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படமெடுப்பவர்கள் உண்டு. ‘ஒரு கிளைதானே’ என்பார்கள். அந்தக் கிளைதான் குஞ்சுகளுக்கு வெயிலிலிருந்து நிழல். காகத்தின் கண்ணிலிருந்து மறைவு. படம் எடுத்தவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு காகம் வரும். இன்று சில புகைப்படப் போட்டிகள் கூட்டில் இருக்கும் பறவைகளின் படங்களை ஏற்பதே இல்லை. எல்லாப் போட்டிகளும் அப்படியே செய்ய வேண்டும் என்பேன்.

இன்னொன்று, இது உங்கள் தலைமுறைக்கே உரியது. கைப்பேசி, படத்தோடு நாளையும் நேரத்தையும், விட்டால் இடத்தையும்கூடத் தானே பதிந்துவிடுகிறது. உங்கள் குறிப்பேட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் அரிய விலங்கின் கூடு இருக்கும் இடத்தை ஊரறியப் பரப்பினால், மறுவாரமே அங்கே கூட்டம் கூடிவிடும். இடத்தை உங்கள் ஆசிரியருக்கும் வனத்துறையினருக்கும் சொல்லுங்கள். படத்தை மட்டும் நண்பர்களுக்குக் காட்டுங்கள்.

இவ்வளவும் செய்யக் காட்டுக்குள்தான் போக வேண்டும் என்பதில்லை. ராஜபாளையத்தின் மேற்கே அய்யனார் கோவில் வழியில் மாந்தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஊராயினும் சாலையோரத்தில் நான்கு புளியமரங்களாவது கிளை கோத்து நிற்கும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே மரங்களைப் படமெடுங்கள். பூத்ததா, காய்த்ததா, எந்தக் கிளை முறிந்தது, எதை வெட்டினார்கள், யார் யார் வந்து தின்றார்கள் என்று எழுதுங்கள். ஆண்டுக்கு 12 படங்கள்தாம். மலையடிவாரத்தில் வசிக்கும் மாணவர்களுக்கு ஒருநாள் நரை அணிலே வந்து காட்சி தரலாம். அப்போது அது எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குத் தாவியது என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.