விரும்பிப் பணிகிறாளா?

இருவர் மனமொத்து, ஒருவர் ஆணையிடுவதென்றும் மற்றவர் அதற்கு அடங்குவதென்றும் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டு கூடி வாழும் ஒருவகை உறவு உலகில் உண்டு. மேல்நாடுகளில் இதை ஒளிக்காமல் பேசுகின்றார்கள். ஆராய்ச்சியாளர்கள் கணக்கும் எடுத்திருக்கின்றார்கள். "கெடாவில் வாழும் நமக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். அந்தக் கணக்கைக் காட்டிச் சிலர் செய்யும் முடிவு நம் வீட்டு அடுப்பங்கரைவரை வந்து சேர்வதாலேயே இதனை எழுத நேர்ந்தது.

கணக்கு யாதெனில், ஆஸ்திரேலியாவில் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் 16 முதல் 59 வயதுக்குட்பட்ட 19,000-க்கு மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். அவர்களில் பாலுறவு உடையோரில், முந்திய ஓராண்டில் இவ்வித ஏற்பாட்டில் கலந்ததாகச் சொன்னவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 2.2, பெண்களில் நூற்றுக்கு 1.3. ஆகவே, சேருகிறவர்களில் ஆண்களே அதிகம். சேர்ந்தவர்களுக்குள்ளோ, ஆளும் பக்கத்தில் ஆண்கள் மிகுந்தும் பணியும் பக்கத்தில் பெண்கள் மிகுந்தும் காணப்படுவதாகப் பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

இதைக் கேட்டதும் நமது பழமைவாதிகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "பார்த்தீர்களா! படிப்பும் பணமும் உள்ள வெள்ளைக்காரப் பெண்ணே விரும்பித்தான் பணிகிறாள். ஆளுவது ஆணின் இயற்கை, அடங்குவது பெண்ணின் இயற்கை" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றார்கள்.

இயற்கையென்றால் நூறு பெண்களில் ஏறக்குறைய 99 பேர் அந்தப் பக்கமே போகாததேன்? அங்கேயும் பணிகின்ற ஆண்களும் ஆணையிடுகின்ற பெண்களும் இருக்கின்றார்களே, அவர்களை எந்த இயற்கை பெற்றது? பிறந்த நாள்தொட்டு "அடங்கு, குனி, பொறு" என்றே ஒரு பாலாரைப் பழக்கிவிட்டு, பின்னர் அவர்கள் குனிந்து நிற்பதைக் காட்டி "இயற்கை" என்பது, கூண்டில் வளர்த்த கிளிக்குப் பறக்க ஆசையில்லை என்பதற்கு ஒப்பாகும்.

இவர்கள் சொல்லாமல் மறைக்கும் செய்தி இன்னொன்றும் உண்டு. அந்த ஏற்பாட்டில் கலப்பவர்கள், எதுவரை போகலாம், எதைத் தொடலாகாது என்பதை முன்னதாகவே பேசி முடிவு செய்கின்றார்கள். நிறுத்துவதற்கென்று ஒரு சொல்லை வைத்துக்கொள்கின்றார்கள். பணிகிறவர் அச்சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் ஆளுகிறவர் கையை எடுத்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் விதி. நாம் கேட்கின்றோம்: நம்மில் எத்தனை வீடுகளில் அப்படி ஒரு சொல் இருக்கின்றது? சொன்னால் கேட்பார் யார்?

இனி, நமது மண்ணின் கணக்கைப் பார்ப்போம். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில், தமிழ் ஆண்கள் திரளாகவும் பெண்கள் சிலராகவுமே கப்பலேறி வந்தார்கள். 1921-இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் சுமார் 400 பேர். 1931-இலும் 500-ஐ எட்டவில்லை. அரிதான பொருளுக்கு மதிப்பு ஏறும் என்பது கடைத்தெரு நியாயம். அவ்வாறாயின் தோட்டத்துப் பெண்ணின் சொல் ஓங்கியிருக்க வேண்டுமே! ஓங்கவில்லை. 1920-களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். விடியுமுன் பெரட்டுக்கு நின்றதும் வாளி சுமந்ததும் இருவரும்தான். ஆனால் அவள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு முதலிலேயே குறைந்துபோயிற்று. லயத்து வீடோ தோட்டத்துக்குச் சொந்தம். கோபித்துக்கொண்டு போவதற்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால். இந்நிலையில் அவள் அடங்கினாள் என்றால், அதற்குச் சம்மதம் என்று பெயரிடுவது அறிவுடைமையாகுமா?

1940-களின் நடுவில் பீடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது; 1947-இல் போலீசார் அவ்வியக்கத்தை அடக்கினர். கள்ளுக்கடைக்குப் போன கூலி எந்த அடுப்பை அணைத்தது, போதையில் ஓங்கிய கை எவள் முதுகில் விழுந்தது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"பெண் இயற்கையிலே பணிபவள்" என்பாருக்கு நமது பாட்டிமார்களே பதில் கூறிவிட்டார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் முகாம் திறந்த ஜான்சி ராணிப் படையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள். அங்கேயும் அவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களே. ஆனால் ஒரு நோக்கத்திற்காகக் கீழ்ப்படிந்தார்கள். தாமும் கட்டளையிடும் பதவிக்கு உயரலாம் என்னும் நிலையில் கீழ்ப்படிந்தார்கள். லயத்தில் அந்த வழி அவர்களுக்கு எங்கே இருந்தது?

சட்டமோ மெல்ல மெல்ல நகர்ந்து வருகின்றது. முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் பிறந்தது. ஆயினும், கணவன் தன் மனைவியை அவள் விருப்பமின்றிக் கூடினால் அது கற்பழிப்பாகாது என்னும் விதிவிலக்குத் தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவில் இருந்தே வருகின்றது. 2006-இல் சேர்த்த பிரிவும், காயப்படுத்தியோ காயத்துக்கும் மரணத்துக்கும் அஞ்சவைத்தோ கூடினால் மட்டுமே ஐந்தாண்டு வரை சிறை என்கின்றது. காயமும் அச்சுறுத்தலும் இல்லையேல் அவள் "வேண்டாம்" என்றதற்கு மதிப்பு இல்லை. தாலி கட்டிய அன்று தலை குனிந்தது சாகும்வரைக்கும் கொடுத்த சம்மதமாம்! அந்நியர் இருவர் ஓர் இரவுக்குச் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் உள்ள காவல்கூட, அக்கினி சாட்சியாக வந்தவளுக்கு இல்லை.

"எங்கள் வீட்டில் அவள் மனமொப்பியே அடங்குகிறாள்" என்று கூறும் தோழர்கள் இருக்கலாம். வயது வந்த இருவர் அறிந்து விரும்பி எவ்விதம் வாழ்ந்தாலும் அது அவர்கள் காரியம். அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் அத்தோழர்கள் தம்மைத்தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். அவள் சம்பாதித்த பணம் அவள் பெயரில் இருக்கின்றதா? நாளை அவள் வெளியேற நினைத்தால் தங்க இடம் உண்டா? கடைசியாக அவள் "வேண்டாம்" என்றபோது நீர் நிறுத்தினீரா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது சம்மதம். ஒன்றுக்கேனும் இல்லையென்றால் அது அடிமைத்தனம். சம்மதம் என்பது நாம் அதற்குப் போர்த்தியிருக்கும் போர்வை.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரியது. கையில் பொருளும் வெளியேற வழியும் இல்லாதவளின் "சரி" என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இன்று கெடாத் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பெண்மக்கள் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளில் வேலைக்கு நிற்கின்றார்கள். சம்பளம் வாங்கும் அப்பெண்ணுக்கு, "வேண்டாம்" என்று சொல்லும் துணிவைப் பெற்றோர் கற்றுக்கொடுக்க வேண்டும். கேட்டவுடன் நிறுத்தும் மனிதத்தன்மையை மகனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் கதவைத் திறந்து வையுங்கள். அதன்பிறகும் பணிகிறவர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் பணியட்டும். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று அப்போது எண்ணிப் பார்ப்போம்.