கண்ணைக் கசக்கும் மகன்



"உம்மா, கண் கடிக்குது" என்று ஐந்தாறு வயது மகன் நாள் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறானா? காலையில் நூல் போல இழுபடும் பீளை, வெயிலில் இறங்கினால் கூச்சம், சிவந்து கலங்கிய கண். தொற்றும் கண்நோய் என்று எண்ணிப் பிள்ளையைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் அனுப்பாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் இந்தக் கடி, பெரும்பாலும் ஒவ்வாமையால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. வைத்தியர்கள் இதற்கு 'வேர்னல்' என்று பெயர் சொல்வார்கள். வசந்த காலத்துக்குரியது என்று பொருள். நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளிலோ அது வசந்தத்துக்குக் காத்திருப்பதில்லை, ஆண்டு முழுவதும் நீடிக்கக்கூடும்.

இந்நோய் ஆள் பார்த்து வருகிறது. பெரும்பாலும் 10 வயதுக்குள் தொடங்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். பாலிகாகும் வயதைக் கடந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். அந்த வயதில் ஆண், பெண் வித்தியாசமும் குறைந்துபோகும். ஆகவே ஹோர்மோன்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பையன்கள் புழுதியில் புரளுவதால்தான் என்று நாம் சொல்லிக்கொள்வது முழுக் காரணமல்ல. வீட்டில் இழுப்போ தோல் கரப்பனோ உள்ளவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று மாமிமார் சொல்வது பொய்யல்ல. ஆனால் வளரும் வரைக்கும் கண் தாங்க வேண்டுமே! மேலிமையின் உட்புறத்தில் கூழாங்கல் பதித்தது போல முண்டுகள் எழும்புகின்றன. அவை கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தில் உரசி, புண்ணாக்கி, தழும்பையும் விட்டுச் செல்லலாம். ஓயாமல் கசக்குவதால் அந்தப் படலம் மெலிந்து கூம்பு போலப் பிதுங்கவும் கூடும். நோய் போனாலும் பார்வைக் குறைவு நின்றுவிடும்.

இதைவிட நான் அஞ்சுவது பார்மசியில் வாங்கும் சொட்டு மருந்துக்குத்தான். ஸ்டீரொயிட் கலந்த சொட்டு இரண்டே நாளில் சிவப்பை எடுத்துவிடும். உம்மாவுக்கு நிம்மதி. மறுபடி கடித்தால் அதே பழைய துண்டு, அதே போத்தல். வைத்தியர் தேவைக்கேற்ப, நாட்கணக்கு வைத்து, கண்ணழுத்தம் பார்த்துக் கொடுக்கும் மருந்து அது. நாமாகத் தொடர்ந்தால் கண்ணின் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறி நரம்பைக் கெடுத்துவிடும். இழந்த அந்தப் பார்வை திரும்பாது. சிறு வயதிலேயே கண்புரையும் வரலாம்.

கடிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் வையுங்கள். வெளியே போகும்போது தொப்பியும் வெயில் கண்ணாடியும் கொடுங்கள். சுர்மா வேண்டாம். ஒவ்வாமையைத் தடுக்கும் சொட்டு எழுதித் தந்திருந்தால், கண் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாமல் வைத்தியர் சொன்ன காலம் வரை போடுங்கள். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் அழுதாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இது பையன்களின் நோய் என்று மகளை விட்டுவிடவும் வேண்டாம். குறைவு என்றுதான் சொன்னேன், வராது என்று சொல்லவில்லை. அவள் கண்ணைக் கசக்கினாலும் மேலிமையைத் திருப்பிப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.