எந்த சோலார் பேனல் நல்லது? குமரி மாவட்டத்தினருக்கு எங்கள் நிலைப்பாடு

பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து எங்களிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எந்தப் பேனலுக்குத் திறன் சதவீதம் அதிகம்? வீட்டு மின்நுகர்வோரும் சிறு விவசாயிகளும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பணம் போட வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

3 கிலோவாட் என்றால் எந்த வகைப் பேனலிலும் 3 கிலோவாட்தான். 17 சதவீதத் திறனுள்ள பழைய பாலிகிரிஸ்டலைன் (பாலி) பேனலில் அதற்கு ஏறக்குறைய 190 சதுர அடி வேண்டும். 22 சதவீதத் திறனுள்ள புதுவகை டாப்கான் பேனலில் 147 சதுர அடி போதும். கூடுதல் சதவீதம் மிச்சம் பிடித்துத் தருவது இடத்தை. மானியமும் கிலோவாட்டைப் பார்த்துத்தான் வருகிறது: 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. கோட்டாற்றின் நெருக்கமான தெருக்களிலும், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் கடலோர வீடுகளிலும் உயர்திறன் பேனலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். விசாலமான மொட்டைமாடி உள்ளவர் அந்தப் பணத்தை வேறிடத்தில் போடலாம்.

எங்கே போடுவது? முதலில் வெப்பத்தைப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட சதவீதம் 25 டிகிரியில் அளந்தது. சித்திரை மாத நண்பகலில் பேனலில் கை வைக்க முடியாது. 60, 65 டிகிரிக்கு ஏறிவிடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் பாலி சுமார் 0.4 சதவீதம் உற்பத்தியை இழக்கிறது. மற்ற வகைகளில் மோனோ பெர்க் 0.35, டாப்கான் 0.3, ஹெட்டரோஜங்ஷன் 0.25 என்ற அளவில் இழக்கின்றன. 40 டிகிரி கூடினால் பாலிக்கு 16 சதவீதம் போய்விடும், ஹெட்டரோஜங்ஷனுக்கு 10தான். விற்க வருகிறவரிடம் கேட்டு வாங்க வேண்டிய எண் இதுதான்.

அடுத்தது நிழல். நம் ஊரில் தென்னை இல்லாத வீடு குறைவு. பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஓலையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழும்போது இன்வெர்ட்டர் திரையைப் பார்த்தால் தெரியும்: நிழல் கையகலம், இறக்கம் பெரிது. பேனலுக்குள் செல்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஒரு செல் மறைந்தாலும் பேனலின் மூன்றில் ஒரு பகுதி ஒதுங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் விலையுயர்ந்த பேனலைவிட, பேனலுக்கு ஒன்றாக வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டர் அதிக யூனிட் தரும். கூரைக்குத் தெற்குச் சரிவு இல்லை என்பதற்காக நிறுவனங்கள் யாரையும் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறக்கச் சில நாள் முன்பே சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆவணி நடுவில்தான் திரும்புகிறது. 10 டிகிரி சாய்வு போதும், மழையே தூசியைக் கழுவிவிடும்.

குளச்சல், முட்டம் பக்கம் பேனலுக்கு முன்னால் அதைத் தாங்கும் சட்டம்தான் போகிறது. உப்புக்காற்றில் போல்ட்டிலிருந்து துரு வடிந்து சுவரில் செம்மண் நிறத்தில் கோடு விழுந்திருப்பதை நாங்கள் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்த ஊர்கள் இவை. துத்தநாகப் பூச்சில் முக்கி எடுத்த இரும்புச் சட்டத்துக்கும் துருப்பிடிக்காத போல்ட்டுக்கும் தயங்காமல் செலவு செய்யுங்கள்.

சூட்டுக்காகவே மின்சாரம் தேவைப்படும் இடத்தில் எங்கள் நிலைப்பாடு இன்னும் உறுதியானது. வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கி, அதில் கீசர் ஓட்டி வெந்நீர் போடுவது வீண். வெயிலில் பாதிக்கு மேல் நேராக வெந்நீராக்கும் சோலார் ஹீட்டர் இருக்கிறது. கன்னியாகுமரி விடுதிகளும் மருத்துவமனைகளும் முதலில் அதை வைக்கட்டும். கொப்பரை, மரச்சீனி, கருவாடு காயவைப்பதற்கு சோலார் உலர்த்திக் கூடாரம் போதும். சாமித்தோப்பு உப்பளத்தில் தலைமுறைகளாக வெயில் இந்த வேலையைத்தான் செய்கிறது. கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு மேகமற்ற நேர்வெயில் வேண்டும். ராஜஸ்தானுக்கு அது பொருந்தும். இரண்டு பருவமழையும் பெய்கிற நமக்குப் பொருந்தாது.

தரையில் அமைக்கும் சோலார் ஆலைக்கு ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளையும் வயலை அதற்காக நிரப்புவதை எதிர்ப்போம். நீரில் மிதக்கும் பேனல் சூடு குறைந்து சற்றுக் கூடுதலாகவே உற்பத்தி செய்யும் என்பது உண்மை. ஆனாலும் 2022இல் ராம்சார் தகுதி பெற்ற சுசீந்திரம் தேரூர் குளங்களில் அதைப் போடக் கூடாது. அந்த நீர்ப்பரப்பு பறவைகளுக்கு வேண்டும். அரசு அலுவலகங்கள், பள்ளிகள், பேருந்து நிலையங்கள், சந்தைகள் ஆகியவற்றின் கூரைகள் பல இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன.

நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது இது: விலைப்புள்ளியில் கிலோவாட்டோடு, அந்தக் கூரைக்கு மாதவாரியாக எத்தனை யூனிட் என்ற மதிப்பீட்டையும், நிழல் விழும் நேரங்களையும், வெப்ப இழப்பு எண்ணையும், சட்டத்தின் பூச்சையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அப்படிக் கொடுக்காத விலைப்புள்ளியில் கையெழுத்திட வேண்டாமென்று எங்கள் உறுப்பினர்களிடம் சொல்லியிருக்கிறோம்.