மூஞ்சி சேரலியாம்

"இன்னிக்கும் மூஞ்சி சேரலியாம்டா" என்றபடி சின்னம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். மத்தியானம் ரெண்டு மணி. காலை ஐந்தே முக்காலுக்கு வார்டு ஆபீசுக்குப் போனவர். நான்கு தெருவைப் பெருக்கி, சாக்கடை ஓரம் வாரிப் போட்டு, வண்டி தள்ளி, எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ஆனாலும் அன்றைக்கு அவருக்கு அரைநாள் கூலி கிடையாது. சூப்பர்வைசர் நீட்டிய செல்போன் அவரை அவர் இல்லை என்று சொல்லிவிட்டது.

பத்தொன்பது வருஷமாக அதே நகராட்சி, அதே வார்டு. ஒப்பந்தக்காரர்கள் மூன்று முறை மாறிவிட்டார்கள், சின்னம்மா மாறவில்லை. செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனை அவன் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து இவருக்குத் தெரியும். அவன் சொல்கிறான்: "ஏம்மா, நீதான்னு எனக்குத் தெரியுது. ஆப் ஒத்துக்கலியே, நான் இன்னா பண்றது? தள்ளி நில்லு, அடுத்த ஆளு வரட்டும்."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் தோழர்களோடு பேச விரும்புகிறேன். கண்ணெதிரே நிற்கிற மனுஷியைத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறான். தெரிந்தும் அது கணக்கில் வராது என்கிறான். நமக்கு இது புதுசா என்ன? டீக்கடையில் தனி கிளாஸ் கொடுத்தவனுக்கும் நம்மை நன்றாகத் தெரியும். எந்தத் தெரு, யார் மகன், அப்பன் யாருக்குப் பண்ணையம் பார்த்தான் என்று ஏழு தலைமுறைக் கணக்கு சொல்லுவான். "வழக்கம் அப்படி, நான் இன்னா பண்றது" என்பான். இன்று வழக்கத்தின் இடத்தில் ஆப் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அந்த எந்திரம் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். தெரியாததைப் பூதமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கேமரா முதலில் படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறது. கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களைக் கொண்டு அதை நேராக்கிக் கொள்கிறது. பிறகு அந்த முகத்தைச் சில நூறு எண்களாக மாற்றுகிறது. பெயர் பதிந்த அன்று எடுத்த படமும் இப்படியே எண்களாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. அவ்வளவுதான். இது இன்னார் என்று எந்திரம் ஒருபோதும் அடித்துச் சொல்வதில்லை. இத்தனை அளவு ஒத்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் பாஸ், எதற்குக் கீழே பெயில் என்று கோடு கிழிப்பது ஒரு மனிதன். கோட்டை உயர்த்தினால் உண்மையான ஆளே வெளியே நிற்பான். தாழ்த்தினால் வேறொருவன் உள்ளே வந்துவிடுவான். இரண்டு தப்பும் ஒரே நேரத்தில் இல்லாமல் போகிற கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது.

சின்னம்மாவின் படம் பதிந்தது ஒரு மத்தியானம், ஆபீஸ் தாழ்வாரத்தில். தலைசீவி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனார். தினம் கேமரா பார்ப்பது விடிந்தும் விடியாத நேரத்தில், தலையில் துண்டு கட்டி, வேர்த்து நிற்கிற முகத்தை. நடுவில் காய்ச்சலில் படுத்து எழுந்ததில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. மதிப்பெண் குறையாமல் என்ன செய்யும்? இதோடு இன்னொன்றும் உண்டு. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் பெரிய கம்பெனிகளின் முகம் பார்க்கும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. வெளுத்த தோல் ஆண்களிடம் தப்பு அதிகம் போனால் 0.8 சதவீதம். கறுத்த தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. கற்றுக்கொடுக்கக் காட்டிய படங்களில் எங்கள் முகம் இல்லை, அதனால் அதற்கு எங்களைத் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். அதற்குப் பிறகு மென்பொருள்கள் மேம்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலை இருட்டும், மலிவு செல்போனும், தெருப்புழுதியும் மேம்படவில்லை.

போன வருஷம் ஒரு கருத்தரங்குக்காக டெல்லிக்கு விமானத்தில் போனேன் (டிக்கெட் அவர்கள் போட்டது, நம்மால் ஆகிற காரியமா). நுழைவாயிலில் முகத்தைக் காட்டி உள்ளே போகிற 'டிஜி யாத்ரா' வரிசை. 2022 டிசம்பரில் தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற கோட்டுக்காரர் முகத்தைக் காட்டினார், கதவு திறக்கவில்லை. மறுபடி காட்டினார், அப்போதும் திறக்கவில்லை. காவலுக்கு நின்றவர் என்ன செய்தார் தெரியுமா? "சார், இந்தப் பக்கம் வாங்க" என்று அழைத்து, டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து அனுப்பிவிட்டார். அரை நிமிஷம். எந்திரம் அவரையும்தான் அவர் இல்லை என்று சொன்னது. ஆனால் அங்கே தப்பு எந்திரத்தினுடையது. வார்டு ஆபீசில் தப்பு சின்னம்மாவினுடையது. உங்கள் கைப்பேசி முகத்தைப் பார்த்துத் திறக்காவிட்டால் நம்பரை அழுத்தித் திறந்துகொள்கிறீர்கள். சொத்துள்ளவனுக்கு எப்போதும் இரண்டாவது வாசல் ஒன்று வைத்துத்தான் கதவு செய்கிறார்கள்.

தொழில்துறை, வங்கி, டாக்சி, வீட்டுக்குச் சோறு கொண்டு தரும் கம்பெனி, பள்ளிக்கூடம் என்று எங்கும் இது வருகிறது, வரட்டும். லாரி ஓட்டுகிறவரின் கண் சொருகுவதைக் கவனித்து எச்சரிக்கிற கேமராவை நான் ஏன் எதிர்க்கவேண்டும்? அது அவர் யார் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்பது ஒன்றுதான்: எந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் அந்தச் சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நூறுநாள் வேலையைப் பாருங்கள். 2021இல் கொண்டுவந்து, 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கிய செயலியில் வேலையாட்களின் படத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏற்றவேண்டும். சிக்னல் இல்லாவிட்டால், சர்வர் படுத்துவிட்டால், வெயிலில் மண் வெட்டியது வெட்டியதாகாது. அங்கன்வாடியில் 2025 ஜூலை 1 முதல் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைத் தாய்மார்களும் வீட்டுக்கு வாங்கிப்போகும் சத்துமாவுக்கு முகத்தைக் காட்டியாகவேண்டும். மாவுக்கு முகம்! வயிற்றுப் பிள்ளைக்காரியின் முகம் பதிந்த அன்று இருந்தபடியே இருக்குமா என்று இந்த உத்தரவைப் போட்ட அதிகாரியின் வீட்டம்மாளைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் சொல்வதையும் கேட்கவேண்டும். "எந்திரம் சாதி பார்க்காது. மேஸ்திரி பார்ப்பான். வராதவன் பேரை எழுதி கூலியைத் தின்றது மேஸ்திரிதானே? மஸ்டர் ரோலில் செத்தவன் பேர்கூட இருந்ததே?" என்கிறார்கள். இருந்தது. சின்னம்மாவே சொல்லுவார், கையெழுத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்த காலத்தை. அண்ணல் அம்பேத்கர், காந்தியத்தை விமர்சித்தபோது, எந்திரமும் நவீன நாகரிகமும் இல்லாமல் மனிதன் மிருக வாழ்விலிருந்து மீள முடியாது, ஓய்வு கிடைக்காது என்று வாதிட்டவர். நாம் அந்த வழி வந்தவர்கள். ராட்டையைத் தூக்கிக்கொண்டு எந்திரத்தை எதிர்க்கிற வேலை நமக்கு வேண்டாம்.

ஆனால் கமிஷன் அடித்தவன் ஒழிந்தானா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்துப் போடுகிறார்கள், வந்த ஆட்களின் எண்ணிக்கையும் படத்தில் இருப்பதும் ஒத்துவரவில்லை என்று அடுக்கியது. அதற்கு மருந்தாக என்ன சொன்னது? ஊராட்சியில் எல்லாப் படங்களையும் ஆட்களை வைத்துச் சரிபார்க்கச் சொன்னது. மனிதனை நம்பமுடியாது என்று எந்திரம் வந்தது. எந்திரத்தை நம்பமுடியாது என்று திரும்ப மனிதன். திருடன் இரண்டு பக்கமும் வழி கண்டுபிடித்துக்கொண்டான். வேலை செய்தவள்தான் நடுவில் நிற்கிறாள்.

இன்னொன்று. சாக்கடைக்குள் ஆள் இறங்காமல் அள்ளுகிற எந்திரம் இல்லாத நாடா இது? கேரள இளைஞர்கள் 2018லேயே 'பண்டிகூட்' என்று ஒன்றைச் செய்து இறக்கிக் காட்டினார்கள். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று உயர்த்தியது. இன்னும் செத்துக்கொண்டிருக்கிறோம். குழிக்குள் இறங்க வேண்டிய எந்திரம் வருவதற்குள், குழிக்கு மேலே நின்று ஆள் வந்தானா என்று பார்க்கிற எந்திரம் வந்துவிட்டது. எது அவசரம் என்று முடிவு செய்தவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதே கேமராவைக் காவல்துறையின் கையில் வைத்துப் பாருங்கள். கோடு எப்படி இடம் மாறுகிறது என்று தெரியும். டெல்லி போலீஸ் 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பதிலில், 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஆள் கிடைத்ததாக எடுத்துக்கொள்வோம் என்றது. சரி, 80க்குக் கீழே வந்தால் விட்டுவிடுவார்களா? இல்லை. வேறு சான்று தேடுவார்களாம். வார்டு ஆபீசில் கொஞ்சம் குறைந்தால் நீ நீ இல்லை. ஸ்டேஷனில் கொஞ்சம் குறைந்தாலும் நீ நீயாக இருக்கலாம். சம்பளம் என்றால் சந்தேகம் முதலாளிக்கு. வழக்கு என்றால் சந்தேகம் போலீசுக்கு. ரெண்டு இடத்திலும் நமக்கு இல்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் போலீசார் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கைக்கடிகாரம் திருடியதாகச் சொல்லி, பெண்டாட்டி பிள்ளைகள் கண்முன்னால் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். காரணம், எந்திரம் காட்டிய தப்பான முகம். அவர் வழக்குப் போட்டு, 2024இல் போலீஸ் சமரசத்துக்கு வந்தது. எந்திரம் காட்டியதை மட்டும் வைத்துக் கைது செய்யக்கூடாது என்ற விதியையும் அதில் வாங்கினார்கள். இங்கே இருளரையும் குறவரையும் திருட்டுக் கேசில் தூக்கிப்போக எந்திரமே தேவைப்பட்டதில்லை. இனி எந்திரமும் சொன்னது என்பார்கள். எந்தப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள் என்று யோசியுங்கள். சிறைகளில் தலித்துகளின் பங்கு மக்கள்தொகையில் நமது பங்கைவிட அதிகம் என்று அரசின் புள்ளிவிவரமே வருஷாவருஷம் சொல்கிறது. அந்தக் கிடங்கில் தேடினால் யார் முகம் கிடைக்கும்?

தமிழகக் காவல்துறையும் 2021 அக்டோபரில் இந்த மென்பொருளைத் தொடங்கியது. 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள். 2022இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கைதானவர்களின் ரேகை, கருவிழி, படம் எல்லாம் எடுத்து 75 ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் 1920இல் போட்ட கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. அதே 1920இல்தான், ஏப்ரல் 3ஆம் தேதி, பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் பிரமலைக் கள்ளர்கள். அந்தப் பக்கத்துச் சேரிகளுக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு வேறு, அதை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஜனத்தையே பிறவித் திருடர் என்று எழுதிவைக்க உடம்பை அளக்கிற வேலையை யார் ஆரம்பித்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

முகத்தை அளந்தது அதற்கும் முன்னால். எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கவராயத்தை வைத்துக்கொண்டு சாதிவாரியாக மூக்கை அளந்தார். மூக்கு அகல அகல சாதி தாழும் என்று ரிஸ்லி சூத்திரமே போட்டார். 1948இல் அம்பேத்கர் 'தீண்டப்படாதோர்' நூலில் அதே மூக்களவுகளை எடுத்துப் பரப்பினார். இந்த அறிவியலை நம்புவதானால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் முடிவு வரும் என்று அவர்கள் கணக்கைக் கொண்டே அவர்களை மடக்கினார். கணக்கைக் கண்டு அவர் ஓடவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்.

நாமும் அதைத்தான் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வார்டிலும் ஒரு நாளைக்கு எத்தனை பேர் முகம் சேரவில்லை, எத்தனை கூலி வெட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் பெண்கள், கோட்டை எந்த மதிப்பெண்ணில் கிழித்தார்கள், கிழித்தது நகராட்சியா ஒப்பந்தக்காரரா. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற நம் பிள்ளைகள் இந்தக் கேள்விகளை எழுதித் தரலாம். முகம் சேராத அன்று தாளில் கையெழுத்து வாங்கி முழுக்கூலி தரவேண்டும் என்பதைச் சங்கம் கோரிக்கையில் முதலாவதாக வைக்கவேண்டும். நிரந்தரம், கையுறை, பூட்ஸ் இதையெல்லாம் விட்டுவிட்டா என்று கேட்காதீர்கள். வந்ததையே வரவில்லை என்று எழுதினால் நிரந்தரத்துக்கு நாள் கணக்கை எங்கே காட்டுவது?

சின்னம்மாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாது. முகம் சேராத அன்று தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கொடுத்து தேதியும் நேரமும் எழுதச் சொல்லி, கீழே கைநாட்டு வைக்கிறார். கூட வேலை பார்க்கிற ஆறு பேரும் இப்போது நோட்டு வாங்கிவிட்டார்கள். வருகிற சம்பள நாளில் ஏழு நோட்டையும் எடுத்துக்கொண்டு கமிஷனர் ஆபீசுக்குப் போகிறோம்.