கணிப்பொறியும் காலக் கணக்கும்

காலை 9.50 மணிக்குப் புறப்படும் பேருந்து 11.10 மணிக்கு ஊர் போய்ச் சேருகிறது. பயண நேரம் எவ்வளவு? 1 மணி 20 நிமிடம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால் 11.10, 9.50 என்ற எண்களைக் கணிப்பொறியிடம் கொடுத்துக் கழிக்கச் சொன்னால் அது 1.60 என்று விடை தரும். குற்றம் கணிப்பொறியினுடையது அன்று. ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பதை நாம் அதற்குச் சொல்லவில்லை. இரண்டு நேரங்களையும் நள்ளிரவிலிருந்து கழிந்த நிமிடங்களாக மாற்றிக் கொடுத்திருந்தால், 670-இல் 590 போக 80 நிமிடம் என்று சரியான விடை கிடைத்திருக்கும்.

காலத்தை எண்ணாக மாற்றும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ள வேண்டும். எந்த அலகில் எண்ணுகிறோம்? நாம் கொடுக்கும் எண்ணைக் கணிப்பொறியால் பிழையின்றிக் குறிக்க முடியுமா? எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போனால் இடம் போதுமா? நிரல் எழுதக் கற்பிக்கும் வகுப்புகளில் தொடக்கத்திலேயே இக்கேள்விகள் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. இவற்றைப் புறக்கணித்ததால் உயிர்கள் பலியானதுண்டு.

1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தைத் தாக்கியது. 28 பேர் மாண்டனர். அதை வானிலேயே தடுத்திருக்க வேண்டிய பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணை புறப்படவே இல்லை. ஏன்?

பேட்ரியட் கருவியின் கடிகாரம் பத்தில் ஒரு விநாடியை அலகாகக் கொண்டு முழு எண்களில் எண்ணியது. அதுவரை பிழை இல்லை. அந்த எண்ணிக்கையை விநாடியாக மாற்ற அதனை 0.1-ஆல் பெருக்கினார்கள். அங்கேதான் வந்தது வினை! மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333... என்று முடிவின்றி நீள்கிறதல்லவா? அதுபோலவே 0, 1 என்ற இரண்டே இலக்கங்களைக் கொண்ட இரும எண் முறையில் பத்தில் ஒரு பங்கு முடிவின்றி நீளும். அந்தக் கருவியில் 24 பிட்டுகளுக்கே இடம் இருந்தது. எஞ்சியது வெட்டப்பட்டது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஏற்பட்ட பிழை சுமார் 0.000000095 விநாடி.

இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். கருவி 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தப்படாமல் இயங்கியிருந்தது. 100 மணி நேரத்தில் 36 லட்சம் எண்ணிக்கைகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 விநாடி! விநாடிக்கு 1,676 மீட்டர் வேகத்தில் பாயும் ஸ்கட் அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். கருவி வானில் தவறான இடத்தில் தேடியது. திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்தான்.

இன்னும் அதிகப் பிட்டுகள் தந்தால் பிழை குறையும், அறவே நீங்காது. ஆகவே காலத்தை முழு எண்களிலேயே வைத்துக் கணக்கிட்டு, விடையைக் காட்டும்போது மட்டும் விநாடியாக மாற்றுவதே நல்ல வழக்கம்.

முழு எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை எண்ணுவது பல கணிப்பொறிகளின் முறை. குறியுடன் கூடிய 32 பிட் எண்ணில் அடங்குவது 214,74,83,647 வரைதான். 2038 ஜனவரி 19 அன்று அது நிரம்பிவிடும். அதற்குள் 64 பிட் முறைக்கு மாறாத கருவிகள் அடுத்த விநாடியை 1901-ஆம் ஆண்டு என்று கொள்ளக்கூடும்.

ஒருமுறை ஓட்டி, விடை சரியாக வந்ததும் மதிப்பெண் கொடுத்துவிடுவது போதாது. "இந்த நிரல் நூறு மணி நேரம் ஓடினால் என்ன ஆகும்?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும், மாணவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இன்றே தொடங்குங்களேன்! அதே 32 பிட் எண்ணில் விநாடிக்குப் பதிலாக மில்லி விநாடிகளை எண்ணினால், அது எத்தனை நாளில் நிரம்பும்? ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதை நீங்களே காண்பீர்கள்.