திறக்கலாமா என்று மட்டும் கேட்டார்கள்

புதிதாக ஒரு வைரஸின் பெயர் டிவியில் ஓடினால் போதும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்கள் விழித்துக்கொள்கின்றன. 2025 ஜனவரி முதல் வாரத்தில் எச்எம்பிவி வந்தது. சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். 2001-லேயே கண்டறியப்பட்ட வைரஸ்தான், பதற வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொன்னது. எங்கள் குழுவில் இரவு வெகுநேரம் ஓடிய பேச்சில் காய்ச்சலும் இருமலும் மாஸ்க்கும் வந்த வேகத்தில் காணாமல் போயின. கடைசிவரை நின்றது ஒரே கேள்வி: "மறுபடி ஸ்கூலை மூடிருவாங்களோ?" ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மகனும் அதையேதான் கேட்டான். அவன் குரலில் மட்டும் பொங்கல் ஒரு வாரம் முன்னாலேயே வந்திருந்தது.

பள்ளிகள் மூடப்படவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கொரோனாவைப் பற்றி டாக்டர்கள் எழுதிவிட்டார்கள், பொருளாதாரம் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடிய பெற்றோரின் கணக்கு இன்னும் யார் ஏட்டிலும் ஏறவில்லை.

2020 மார்ச் 16 அன்று, மாத இறுதிவரை பள்ளிகளுக்கு விடுமுறை என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பதினைந்து நாள்தானே என்று இருந்துவிட்டோம். எட்டாம் வகுப்பு மகள் சயின்ஸ் நோட்டை டெஸ்க்குக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தாள். "திறந்ததும் எடுத்துக்கலாம்மா." ஒன்றாம் வகுப்பில் இருந்த மகன் மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்ற ஒன்று அவனுக்கு நடக்கவே இல்லை.

இடையில் எங்களிடமும் கருத்துக் கேட்டார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளை 2020 நவம்பர் 16 அன்று திறக்கலாம் என்று அரசு அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், பெற்றோரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்போம் என்று மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் 9-ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மதுரையில் அவள் படித்த பள்ளிக்குப் போனேன். வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல் ஒரு தெர்மல் ஸ்கேனர், கையில் சானிடைசர். பெஞ்சுக்கு ஒருவர். எட்டு மாதத் தூசியை அவசரமாகத் துடைத்த ஈரத்துணியின் கோடுகள் டெஸ்க்கில் அப்படியே தெரிந்தன. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, செல்போன் எண்; திறக்கலாமா, வேண்டாமா; கீழே கையெழுத்து.

எனக்கு முன் பெஞ்சில் இருந்த கொத்தனார் எழுந்தார். "திறந்து, பிள்ளைக்கு வந்துட்டா யாரு சார் பொறுப்பு?"

"உங்க கருத்தை எழுதிக் குடுங்கய்யா, மேல அனுப்பிருவோம்" என்றார் தலைமையாசிரியர். அவரும்தான் என்ன செய்வார்.

"இது கருத்து இல்ல சார், கேள்வி."

தாளில் கேள்விக்கு இடம் விடவில்லை.

பக்கத்தில் இருந்த அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "திறக்கலாம்னு போட்டா எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருமோன்னு இருக்கு. வேண்டாம்னு போட்டா, நான் வேலைக்குப் போறப்ப வயசுக்கு வந்த புள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறது, சொல்லுங்க?" கடைசியில் வேண்டாம் என்று போட்டுக் கையெழுத்திட்டார். இரண்டு விதமான கருத்தும் வந்திருக்கிறது என்று சொல்லி, 16-ஆம் தேதித் திறப்பைக் கைவிட்டார்கள்.

நவம்பர் 10, அதாவது கூட்டத்துக்கு மறுநாள், தியேட்டர்கள் பாதி இருக்கைகளோடு திறந்தன. அதற்கு யாரும் எங்களைக் கூப்பிட்டுத் தாள் கொடுக்கவில்லை. டாஸ்மாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சென்னையைத் தவிர மற்ற இடங்களில் மே 7-ஆம் தேதியே திறந்தாயிற்று. நீதிமன்றம் நிறுத்தி, மறுபடி திறந்த கதை தனி.

அந்த வாரம் தீபாவளி. விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமில்லை. "ஜவுளிக்கடைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறீங்க, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க, ஸ்கூலுக்கு அனுப்ப மட்டும் பயமா?" என்று பெற்றோரைக் கிண்டலடித்தவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்டார்கள். எனக்கு அதில் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை. ஜவுளிக்கடைக்காரர் யாரிடமும் எழுதி வாங்குவதில்லை. கல்யாண வீட்டில் தொற்று வந்தால், நேரம் சரியில்லை என்று போய்விடும். பள்ளிக்கு அனுப்பி வந்தால், "நீதானே கையெழுத்துப் போட்ட?" என்று மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார், ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது நாமே கேட்டுக்கொள்வோம். 2021 ஜனவரியில் மறுபடி கருத்துக் கேட்டு, 19-ஆம் தேதி பத்தும் பன்னிரண்டும் திறந்தபோது, பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தோடு வந்தால்தான் உள்ளே விட்டார்கள். நோய் ஊருக்குப் பொதுவாக இருந்தது. அதன் பொறுப்பை மட்டும் ஒரு தாளில் அம்மா தலையிலோ அப்பா தலையிலோ தனியாகக் கட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று போட்டவர்களில் பாதிப் பேர் படிப்பை வேண்டாம் என்றா சொன்னார்கள்? அந்தச் சுமையைத்தான் வேண்டாம் என்றார்கள்.

மூடும்போது யாரும் கேட்கவில்லை என்பது அடுத்த வருத்தம். 2021 மார்ச் 22-இல் ஒன்பது முதல் பதினொன்று வரை மறுபடி மூடியபோது கேட்கவில்லை. ஒமிக்ரான் வந்து 2022 ஜனவரியில் மூடியபோதும் கேட்கவில்லை. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று வந்தபோது மூடிவைத்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. நோய் பரவும் வேகத்தில் ஊரைக் கூட்டி ஓட்டெடுப்பு நடத்த முடியாதுதான். ஆனால் கேட்டிருந்தால் வேறு விஷயங்கள் வெளியே வந்திருக்கும்.

சோறு வந்திருக்கும், முதலில். 1956-இல் காமராஜர் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தது மதியச் சோறு. பள்ளி மூடியிருந்தபோது அதற்குப் பதிலாக அரிசியும் பருப்பும், பிறகு முட்டையும் கொடுத்தார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. எங்கள் காம்பவுண்டில் இஸ்திரி போடுகிற அக்காதான் இதில் உள்ள சங்கதியைச் சொன்னார். "அரிசி வீட்டுக்கு வந்தா அது அஞ்சு பேருக்குப் பங்கு. பள்ளிக்கூடத்துல தட்டுல விழுறது எம்புள்ளைக்கு மட்டும்." மகனின் முட்டையை வயிற்றுப்பிள்ளைக்காரியான மருமகளுக்குக் கொடுத்ததாகச் சொன்னார். அதில் என்ன தப்பு இருக்கிறது? காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் எங்கள் மதுரையில்தான் தொடங்கியது. இன்று ஒரு தொடக்கப்பள்ளியை மூடினால் போவது இரண்டு வேளைச் சாப்பாடு. 2025 ஜனவரியில் டிவி விவாதங்களில் இதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்து போன். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டதால் அரசுக்குக் கைகொடுத்தது. பாடம் போட்டார்கள், பார்க்கிற பிள்ளைகள் பார்த்தார்கள். டிவி பதில் சொல்லாது, நோட்டைத் திருத்தாது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும். போன் அப்பாவின் சட்டைப்பையில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும். அவர் ராத்திரி எட்டு மணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, போனைக் கொடுக்கும்போது சார்ஜ் பத்து சதவீதம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் அதிலும் பங்குச் சண்டை.

பணம் கட்டிப் படிக்க வைத்தவர்களுக்கு வேறு தலைவலி. தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதமும், திறந்த பிறகு 35 சதவீதமும் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் சொன்னது. என் மகன் படித்த பள்ளி (பெயர் எதற்கு) அனுப்பிய ரசீதில் ஆண்டு விழாக் கட்டணமும் இருந்தது. எந்த விழா என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் போட்டிருக்கு மேடம்" என்றார்கள். அடுத்த ஆண்டே அவனை அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். அதே பள்ளியின் டீச்சர்கள் பாதிச் சம்பளத்தில் வீட்டிலிருந்து கத்திக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும் என்பதால், இதற்கு மேல் கோபப்பட முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் கேள்வி கேட்பாரற்று உட்கார்ந்திருக்கிறது: வீட்டில் இருந்தால் பிள்ளை பத்திரம். வீடு பெரிதாக இருக்கிறவர்களின் எண்ணம் இது. 1918 ஃப்ளூ காலத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க் மூடவில்லை. அங்கே சுகாதார ஆணையராக இருந்த ராயல் கோப்லாண்ட், நெரிசலான குடியிருப்புகளில் அடைந்து கிடப்பதைவிடக் காற்றோட்டமான வகுப்பறையில், நர்ஸும் டாக்டரும் தினம் பார்க்கிற இடத்தில் பிள்ளைகள் இருப்பதே மேல் என்று வாதாடினார். நூறு வருடம் கழித்து 2020-இல் ஸ்வீடனும் சின்ன வகுப்புகளை மூடவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்வீடன் வேறு, செல்லூர் வேறு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், குழாயடி பொது, கழிப்பறை பொது என்றிருக்கிற காம்பவுண்டில் பிள்ளையைப் "பாதுகாப்பாக" வைத்திருந்தோம் என்று சொல்லும்போது, அந்த நியூயார்க்காரரின் வாதத்தையாவது ஒருமுறை படித்திருக்கலாம்.

பிறகு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வி என்ற சாயங்கால வகுப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எங்கள் தெருவிலேயே பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பெண் ஒருத்தி, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தாள். என் மகனுக்கு வாய்ப்பாடு அங்கேதான் வந்தது. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். மூடியிருந்த காலத்தில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்திலேயே திரும்ப வந்துவிட்டது. அப்படி வந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் என்று கண்டார்கள். மனதுக்கு ஆறுதலான செய்தி. மிச்சமிருக்கிற மூன்றில் ஒரு பங்கு யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் ஆறுதல் கொஞ்சம் குறைகிறது. அந்தப் பெண், நோய் உச்சத்தில் இருந்தபோதும் அதே தெருவில்தான் இருந்தாள். பிள்ளைகளும் இருந்தார்கள், மண்டபமும் திறந்துதான் கிடந்தது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் யாருக்கோ இவர்களைச் சேர்த்துவைக்கத் தோன்றியிருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் இப்போது பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பாதிக்கு மேல் பெற்றோர், அதில் பெரும்பாலும் அம்மாக்கள், தலைவரும் ஓர் அம்மா. எச்எம்பிவி பேச்சு ஓய்ந்ததும் வந்த கூட்டத்தில் நான் எழுந்தேன். நாளைக்கே ஏதாவது வந்து மூட வேண்டி வந்தால், எந்த வீட்டில் போன் இல்லை, முட்டையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது, எந்தத் தெருவில் யார் வகுப்பெடுப்பார்கள் என்று இப்போதே ஒரு பட்டியல் போட்டுவைக்கலாம் என்றேன். "நல்ல நாளும் அதுவுமா ஏங்க அபசகுனமா பேசுறீங்க?" என்று ஒருவர் சிரித்தார். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்ற விஷயத்துக்குப் போகத் தயாரானார்கள். போக வேண்டியதுதான், அதுவும் ஆறு மாதமாக இல்லை.

அப்போது மாநகராட்சியில் தூய்மைப் பணி செய்கிற அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். கொரோனாவில் ஒரு நாள்கூட லீவு கிடைக்காதவர். "மூடுறதுன்னா மூடட்டும் சார். ரெண்டு நாள் முன்னாடி சொல்லச் சொல்லுங்க. போன தடவை ஸ்கூலை மூடி ஒரு வாரத்துல பஸ்ஸையும் நிறுத்திட்டாக. பிள்ளைகளப் பாத்துக்க உசிலம்பட்டியில இருந்து எங்கம்மா வரணும்ல?"

தலைமையாசிரியர் அதை மட்டும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்.